எடைமேடை

காலை ஐந்தரைக்கு மேடையில் யாரும் இல்லை,
எந்திரம் நாற்பது பவுண்டு என்கிறது.
காற்று.
மேற்குக் கான்சாஸில் காற்றுக்கும் கனம் உண்டு.
பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குகிறேன்,
அதற்குப் பிறகுதான் முதல் கோதுமை லாரி.

நிறைந்து வரும்போது ஒரு முறை,
காலியாகப் போகும்போது ஒரு முறை.
இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் உண்மை.
இருபத்தாறு அறுவடைகளாக
இந்தச் சீட்டில் என் கையெழுத்து: ஆர்டிஸ் கோன்.
ஒரு புஷல் கூடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையின் கீழறையில்
எனக்கு வேறு கணக்கு.
தகப்பன், மகன், அவன் மகன் என்று
ஆயுசுகளை அடுக்கிக் கூட்டினால்
உலகத்துக்கு ஆறாயிரம் வயது, கொஞ்சம் சில்லறை.
அணுவைப் பற்றியும் சொல்வேன்.
புரோட்டான்கள் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளும்,
ஆனாலும் கரு சிதறவில்லை;
பிடித்திருக்கும் கை எது என்று கேட்பேன்.
பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள்.
அதற்கு ஒரு விசையின் பெயர் உண்டு, தெரியும்.
பெயர் வைப்பது பிடிப்பதாகாது.

நான்காம் பாடம் வெளிச்சம்.
கோடி ஆண்டுத் தொலைவில் இருக்கும் விண்மீன்
ஆறாயிரம் வயது உலகத்துக்கு எப்படித் தெரியும்?
சுலபம். ஆதாமை வளர்ந்தவனாகவே படைத்தார்,
கதிரையும் வழியிலேயே படைத்தார்.
கிளம்பாமலே வந்து சேர்ந்த ஒளி.
கம்பளிப் பலகையில் மஞ்சள் நூல் ஒட்டிக் காட்டுவேன்.

இந்த ஜூனில்
அகப்பை மீன்களின் காம்புக்குப் பக்கத்தில்,
சுருண்டு கிடக்கும் ஒரு மங்கல் திட்டில்
புதிதாக ஒரு புள்ளி.
விண்மீன் ஒன்று வெடித்ததாம்,
இரண்டு கோடி ஆண்டுத் தொலைவு என்றது வானொலி.
இரவு பதினொன்றுக்கு மேடையைப் பூட்டிவிட்டு,
காதுக்குள் உமி, கண்ணுக்குள் தூசி,
தானியக் கோபுரத்தின் இருட்டில் தொலைநோக்கியை நிறுத்தினேன்.
இருந்தது.
ஊசிமுனையில் வைத்த உப்பு.

அங்கேதான் என் மஞ்சள் நூல் அறுந்தது.
கதிர் வழியிலே பிறந்தது என்றால்
வெடிப்பும் வழியிலே பிறந்தது;
வெடித்ததென்று எதுவும் இல்லை.
பிறக்காத ஒருவனின்
சாவுச் செய்தி வந்திருக்கிறது,
வயது, ஊர், காரணம் எல்லாம் சரியாக.
வராத லாரிக்கு, விளையாத கோதுமைக்கு
நான் சீட்டு எழுதினால்
முதலாளி டெல்மர் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.
பொய்க்கல் வைத்து நிறுப்பவரை
உமக்குப் பிடிக்காதே, கர்த்தரே.

போதகர் வெண்டெல் ஃப்ரீசன் வேறு வழி சொன்னார்:
பாரம் மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும்,
இங்கே ஒரு நாள், அங்கே கோடி வருடம்.
காலம் மெதுவாவது எனக்குத் தெரியும்.
மூன்றரை மணி, நூற்றிரண்டு டிகிரி வெயில்,
பதினேழு லாரிகள் வரிசையில்.
"எவ்வளவு பாரம்?" என்று கேட்டேன்.
அவர் காப்பியைக் கலக்கினார்.
சர்க்கரை போடாத காப்பி.

ஆறு வாரம் பார்த்தேன்.
ஒவ்வோர் இரவும் ஒரு நூலளவு மங்கியது,
பக்கத்து மீனை வைத்து ஒப்பிட்டு
சீட்டின் பின்பக்கத்தில் குறித்தேன்.
இல்லாத ஒன்று
இவ்வளவு நிதானமாகச் சாகுமா?

நான் எங்கும் ஓடிப்போகவில்லை.
அணுவைப் பிடித்திருக்கும் கையை
இன்னும் நம்புகிறேன்,
அதற்குச் சீட்டு கேட்காதீர்கள்.
நான்காம் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.
நூலைச் சுற்றி இழுப்பறையில் வைத்தேன்,
பழைய பேட்டரிகளோடு.

இன்று காலை ஐந்தரைக்கு மேடையில் யாரும் இல்லை,
எந்திரம் அறுபது என்றது.
வெளியே போய் நின்றேன்.
ஒரு புல்கூட அசையவில்லை.
கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
திரும்பி வந்து
பூஜ்யப் பொத்தானின்மேல் விரலை வைத்தேன்,
அழுத்தவில்லை.
சாலைத் திருப்பத்தில் முதல் லாரி
விளக்கைப் போட்டு அணைத்தது.